கமிஷன் ஏறிய மாதம், தனம் அக்காவின் கணக்கு

1. கண்ணாடிக் கதவில் நோட்டீஸ்

அன்று காலை கண்ணாடிக் கதவில் நோட்டீஸை ஒட்டியது நான்தான். அடுத்த மாதம் முதல், வாங்கிய பங்குகளைப் பத்திரமாக வைக்கும் டீமேட் கணக்குக்கு ஆண்டுக் கட்டணம் கூடும். ஒரு ஆர்டருக்குக் குறைந்தபட்சம் பத்து ரூபாயாக இருந்த கமிஷன் இனி இருபத்தைந்து. பசை காய்வதற்குள் தொலைபேசி அடிக்க ஆரம்பித்துவிட்டது.

டோல்கேட் அருகே மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்த சின்ன ஷேர் புரோக்கர் அலுவலகம் அது. நான் டீலர். கஸ்டமர் சொல்லும் பங்கைக் கம்ப்யூட்டர் டெர்மினலில் வாங்கி விற்றுத் தருவது என் வேலை. அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பி.காம். முடித்து, டீலர் பரீட்சையை முதல் முறையிலேயே பாஸ் செய்து, சிபாரிசு இல்லாமல் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். புதிதாக அப்படி உட்காரப்போகும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன்.

அன்று பதினோரு மணிக்குத் தனம் அக்கா படியேறி வந்தார். காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்து, கூடையில் சுமந்து தெருத்தெருவாக விற்பவர். ராயபுரம் மார்க்கெட்டில் சொந்தமாக ஒரு கடை பிடிக்க அட்வான்ஸ் சேர்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பணம்தான் எங்களிடம் கணக்கில் இருந்தது.

"இன்னாம்மா ஒட்டிக்கீற கதவுல? படிச்சி சொல்லு."

சொன்னேன்.

"என் துட்டு ஏற்கெனவே வளர மாட்டேங்குது. இதுல இதுவேறயா? எங்கனா கம்மியா கீதா, விசாரிச்சி சொல்லு. நீதான் படிச்ச பொண்ணு."

முதலாளி உள்ளறையில் இருந்தார். பார்க்கிறேன் அக்கா என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

2. எது ஃப்ரீ?

விசாரிப்பதற்கு முன் அக்காவின் பழைய பில்களை எடுத்துப் பார்த்தேன். தினமும் நானே போட்ட ஆர்டர்கள்தான்; சேர்த்துப் பார்த்தபோதுதான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. எதை வாங்கினாலும், மார்க்கெட் மூடும் மூன்றரை மணிக்குள் விற்றுவிடுவார். லாபமோ நஷ்டமோ, ஒரு பங்குகூட மறுநாளுக்குத் தங்கியதில்லை. அதோடு ஒரே கம்பெனியின் பங்கை மட்டும் வாங்க மாட்டார். தினமும் மூன்று கம்பெனியில் கொஞ்சம் கொஞ்சம். வாங்க மூன்று ஆர்டர், விற்க மூன்று ஆர்டர். புதுக் கட்டணத்தில் ஒரு நாளைக்கு நூற்றைம்பது ரூபாய் எங்களுக்கு. அவர் போடும் சின்னத் தொகையில் அவ்வளவு லாபம் வரும் நாளே அபூர்வம்.

ஞாயிற்றுக்கிழமை தண்டையார்பேட்டையில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, ஆன்லைன் கணக்கு தரும் மூன்று கம்பெனிகளின் கட்டணங்களைப் படித்தேன். திங்கட்கிழமை கஸ்டமரைப் போல மூன்று பேருக்கும் போன் செய்தேன்.

"லைஃப்டைம் ஃப்ரீ மேடம்" என்றார் ஒருவர்.

"எது ஃப்ரீ?"

"கணக்கு ஓப்பன் பண்றது மேடம்."

"ஒரு தடவைதானே ஓப்பன் பண்ணுவேன்? அதுல என்ன லைஃப்டைம்?"

லைனில் இருங்கள் என்றார். இருந்தேன். லைன்தான் இல்லை.

ஒன்று பேங்க்கோடு சேர்ந்த கணக்கு. வசதி அதிகம், கமிஷனும் அதிகம். இரண்டாவது, கமிஷனை முன்பணமாக வாங்கிக்கொள்ளும். ஒரு வருடத்துக்குள் வியாபாரம் செய்து தீர்க்காவிட்டால் மீதி திரும்பாது. மூன்றாவதற்குக் கிளை கிடையாது, ஆலோசனை கிடையாது, குறைந்தபட்சக் கமிஷனும் கிடையாது. ஆனால் போனில் ஆர்டர் சொன்னால் தனிக் கட்டணம். பங்கை வைத்திருந்து விற்கும்போது டீமேட்டில் ஒரு சின்னக் கட்டணம்.

3. மூன்றரை மணி

மறுநாள் அக்கா வந்தபோது கேட்டேன். "ஏங்க்கா சாயங்காலமே எல்லாத்தையும் வித்துடுறீங்க?"

என்னை விநோதமாகப் பார்த்தார். "சரக்கை ராத்திரி வெச்சிக்கினு இன்னா பண்றது? காலைல யாரு வாங்குவா?"

"மூணு கம்பெனி எதுக்கு?"

"கூடைல சங்கரா கொஞ்சம், நெத்திலி கொஞ்சம், எறா கொஞ்சம் இருந்தாதான் எதுனா ஒண்ணு போவும்."

அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. "அக்கா, இது மீன் இல்ல. ராத்திரி தங்குனா அழுகாது."

"அழுவாதா? போன மாசம் ஒண்ணு வாங்கிக் குடுத்தியே, மத்தியானமே நாறிச்சி."

சிரித்துவிட்டேன். பிறகு கால்குலேட்டரை அவர் பக்கம் திருப்பி வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். தினம் விற்றால் எந்தக் கம்பெனியிலும் லாபத்தைக் கட்டணம் தின்னும். மாதத்துக்கு ஒருமுறை வாங்கி, விற்காமல் வைத்து, ஆர்டரையும் போனில் சொல்லாமல், படித்த வீட்டு ஆள் யாரையாவது வைத்துக் கம்ப்யூட்டரில் போட்டால் மூன்றாவது கணக்குதான் மலிவு. விலை இறங்கும் நாளும் வரும், அதற்கு நான் பொறுப்பில்லை என்பதையும் சொன்னேன்.

"இனிமே தெனம் நூத்தம்பதா போவும்? ஐஸு கூலிகூட அவ்ளோ இல்லியே. இத்த ஏன் முன்னாடியே சொல்லல?"

"கேட்டீங்க, பாத்தேன், சொல்றேன்."

அக்கா நேராக உள்ளறைக்குப் போனார். "சாரே, கணக்க மூடு. உங்க ஆபீஸ் பொண்ணே சொல்லிச்சி, எனக்கு இது கட்டாதுன்னு."

அவர் போனதும் முதலாளி என்னைக் கூப்பிட்டார். "நீ சம்பளம் வாங்குறது எங்கம்மா?"

"இங்கதான் சார். அதனாலதான் இங்க உக்காந்தே சொன்னேன். வெளிய கூட்டிட்டுப் போய்ச் சொல்லல."

போ என்று கையைக் காட்டினார். வேலை போய்விடும் என்றே நினைத்தேன். மூன்றாம் நாள் மேஜைக்கு வந்து, "அந்த மூணு கம்பெனி ரேட்டையும் எழுதிக் குடு. நாம எங்க நிக்கிறோம்னு பாப்போம்" என்றார். சின்ன கஸ்டமர்களுக்கு மட்டும் பழைய பத்து ரூபாயே இருக்கட்டும் என்று பிறகு முடிவானது. அக்கா அதற்குள் அந்த மூன்றாவது கம்பெனிக்கு மாறிவிட்டார்.

எந்தக் கணக்கு மலிவு என்று இப்போதும் கேட்கிறார்கள். நான் கம்பெனி பெயரில் ஆரம்பிப்பதில்லை. வாங்கியதை எப்போது விற்பீர்கள், ஆர்டரை யார் போடுவார்கள் என்று கேட்கிறேன். கட்டணப் பட்டியலை அதற்குப் பிறகு பார்த்தால் போதும்.

இரண்டு வருடம் கழித்து ராயபுரம் மார்க்கெட்டுக்குப் போனேன். தனம் அக்கா தன் கடைக் கல்லில் உட்கார்ந்து கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். கடை அட்வான்ஸில் பாதி, பங்குகளை விற்ற பணம்; மீதி, சீட்டுப் பணம் என்றார்.

"வஞ்சிரம் கிலோ எவ்ளோக்கா?" என்றேன்.

"நாலு கடை விசாரிச்சிட்டு வா" என்றார். "அப்பால என்கிட்ட வாங்கு."