பாதி டம்ளர் பால்

செக்கிங் அக்காவின் மேசையைத் தாண்டி ஒரு பிசிறுகூடப் போகாது என்பது அந்தச் சட்டை ஆலையில் எல்லோரும் ஒப்புக்கொண்ட சங்கதி. தைத்து முடித்த சட்டைகள் அவள் முன்னால் மலையாகக் குவியும். காலரை மடக்கிப் பார்ப்பாள், பட்டனை இரண்டு விரலால் இழுத்துப் பார்ப்பாள், சட்டையை உள்பக்கம் திருப்பித் தையலின் மேல் கட்டைவிரலை ஓட்டுவாள். ஓர் இடத்தில் நூல் தவறியிருந்தாலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஓரமாக எறிந்துவிடுவாள். தைத்தவள் ஓடி வந்து, "அக்கா, இது ஒண்ணை மட்டும் விட்டுடுங்களேன்" என்று குழைந்தாலும் நடக்காது. "உன் கல்யாணத்துல மாப்பிள்ளைக்கு இதையே போட்டுவிடறேன், சம்மதமா?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவாள். குறை கண்டுபிடிப்பதற்கென்றே சம்பளம் கொடுத்து உட்காரவைத்த மனுஷி.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அங்கே அவளை ஒருவர் செக்கிங் செய்வார். அது வீட்டுக்காரர்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். தொழிலில் கெட்டிக்காரர். கம்பியை நம்பாதே, பிரேக்கை நம்பாதே, நேற்றுப் பார்த்தவன் 'எல்லாம் சரியா இருக்கு' என்று எழுதிவைத்ததை நம்பவே நம்பாதே, இதுதான் அவருடைய வித்தை. அவர் கைவைத்த லிஃப்டில் யாரும் பாதியில் மாட்டிக்கொண்டதில்லை. அந்த நம்பாத குணம் எந்தத் தேதியில் வியாதியாக மாறியது என்று யார் சொல்ல முடியும்? முதலில், கூட வேலை செய்தவன் தன்னைத் தீர்த்துக்கட்ட ஒரு போல்ட்டைத் தளர்த்திவைத்தான் என்றார். இருக்கலாம், யார் கண்டது, இவளும் நம்பினாள். பிறகு அவனும் இவர்கள் கட்டடத்து மூன்றாம் மாடிக்காரரும் கண்ணால் பேசிக்கொள்கிறார்கள் என்றார். அப்புறம் ஜன்னலில் துணி கட்டினார். கடைசியில் ஒருநாள் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே திருப்பிக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். "இதுல என்ன கலந்தே?" என்றார்.

அவள் சிரித்தாள். இருபது வருஷக் குடித்தனத்தில் முதல்முறையாக மனுஷன் தமாஷ் பண்ணுகிறார் என்று நினைத்துவிட்டாள் பாவம்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். சொல்லிவிட்டுப் போவது சுலபம். பேயைப் பார்க்கிறவனுக்குச் சோறு போடுகிறவளை அல்லவா கேட்க வேண்டும்! அன்றிலிருந்து ஒன்பது வருஷம் அந்த வீட்டில் ஒரே சட்டம். எதுவானாலும் ஒரே பாத்திரம். முதல் பாதி அவள் சாப்பிட வேண்டும். அதற்குப் பிறகு அரை மணி நேரம் அவர் சுவர்க் கடிகாரத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்ப்பார். கண் சிவக்கிறதா, பேச்சு குழறுகிறதா, நடை தள்ளாடுகிறதா? ஒன்றும் இல்லையென்றால் மீதியை அவர் சாப்பிடுவார். ஆறிப்போன பால், ஆறிப்போன சோறு. அவர் வேலைக்கும் போவதில்லை.

மகள் வேறு ஊரில் புருஷனோடு இருந்தாள். "நீ இங்க வந்துடும்மா, எத்தனை நாளைக்குத்தான் இப்படி எலி மாதிரி ருசி பார்த்துக்கிட்டிருப்பே?" என்று போனில் கத்துவாள்.

"நான் வந்துட்டா அவர் யார் கையால சாப்பிடுவாரு?"

"பசிச்சா தன்னால சாப்பிடுவாரு."

"மாட்டாருடி" என்பாள் இவள். அது நிஜம். ஒருமுறை ஆஸ்பத்திரியில் தங்கையைப் பார்த்துக்கொள்ள இரண்டு நாள் போய்விட்டு வந்தாள். குழாய்த் தண்ணீரைத் தவிர வேறு எதுவும் தொடாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவளுக்கு வேறு ஆசை எதுவும் பாக்கி இல்லை. ஒரே ஒரு வேளை, ருசி பார்க்கச் சொல்லாமல், தன் கையால் கொடுப்பதை அந்த மனுஷன் வாங்கிச் சாப்பிட வேண்டும்.

அதற்காகத்தான் மனநல டாக்டரம்மாவிடம் போனாள். தனியாகத்தான் போனாள். டாக்டர் என்ற சொல்லைக் கேட்டாலே அவர் கதவைச் சாத்திக்கொள்வார். டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்தாள். "இது அவர் வேணும்னு பண்றது இல்லம்மா. பயம் அவருக்கு நிஜம். உங்களுக்கு நெருப்பு சுடற மாதிரி அவருக்கு அது சுடுது. மருந்துல குறையும். ஆனா ஒருத்தருக்குத் தெரியாம மருந்து கொடுக்கறது எனக்குப் பிடிக்கல. பட்டினி கிடக்கற அளவுக்குப் போயிட்டாரேன்னுதான் எழுதறேன். கொஞ்சம் தெளிஞ்சதும் நீங்களே சொல்லிடணும், என்ன?"

"சொல்லிடறேம்மா."

ருசியில்லாத, நிறமில்லாத சொட்டு மருந்து. காலைப் பாலில் எட்டுச் சொட்டு. அந்தப் பாலில் பாதியைக் குடிக்கப்போவது யார் என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை. சொன்னால் பாட்டிலைத் திரும்ப வாங்கிவைத்துக்கொண்டுவிடுவார்களோ என்று பயம்.

மறுநாள் காலை பாலைக் காய்ச்சினாள், எட்டுச் சொட்டு விட்டாள், பாதியைக் குடித்தாள், எதிரில் உட்கார்ந்தாள். இருபதாவது நிமிஷம் ஒரு கொட்டாவி அடிவயிற்றிலிருந்து கிளம்பியது. அடக்கடவுளே! கொட்டாவி விட்டால் தொலைந்தாள். கன்னத்தை உள்ளுக்குள் கடித்துக்கொண்டாள். ரத்தம் உப்புக் கரித்தது. அரை மணி ஆனதும் அவர் மீதிப் பாலைக் குடித்தார். அவள் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் தூங்கி, இறங்க வேண்டிய இடத்துக்கு மூன்று நிறுத்தம் தள்ளிக் கண் விழித்தாள்.

இப்படி மாதம் ஒன்று, இரண்டு. அவரிடம் பெரிய மாற்றம் இல்லை. "அப்படியா?" என்று யோசித்து டாக்டரம்மா பன்னிரண்டு ஆக்கினாள். அப்புறம் பதினாறு. அளவு ஏற ஏற அவருக்கு ஏறியது பாதி, இவளுக்கு ஏறியது பாதி. அநியாயத்தைப் பாருங்கள், உலகத்திலேயே நோய் இல்லாமல் ஒழுங்காக மருந்து சாப்பிட்ட ஒரே ஆள் இவளாகத்தான் இருப்பாள்.

பதினாறில் அவர் தெளிய ஆரம்பித்தார். ஜன்னல் துணி இறங்கியது. மூன்றாம் மாடிக்காரர் படியில் வணக்கம் சொன்னபோது திருப்பி வணக்கம் சொன்னார். அரை மணி நேரக் காத்திருப்பு பத்து நிமிஷமாயிற்று. கட்டடத்து லிஃப்ட் நின்றுபோனபோது யாரும் கூப்பிடாமலே டூல் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்ச் சரிசெய்துவிட்டு வந்தார். கையெல்லாம் கிரீஸ். எட்டு மாதத்துக்கு முன்னால் என்றால் இதைப் பார்த்து அவள் ஒப்பாரியே வைத்திருப்பாள். இப்போது, "சோப்பு போட்டுக் கழுவுங்க" என்றாள். அவ்வளவுதான் வந்தது.

அவளுக்குள் எல்லாம் பஞ்சு அடைத்த மாதிரி ஆகிவிட்டது. மகள் போனில், "அம்மா, நீ பாட்டியாகப் போறே!" என்று குதித்தாள். "சரி, நல்லது" என்றாள் இவள், பஸ் தாமதமாக வரும் என்று யாரோ சொன்னதைப் போல. "உனக்கு என்னம்மா ஆச்சு?" என்று கேட்டு மகள் அழுதாள். அழுகிறாள் என்று தெரிந்தது. சந்தோஷப்பட வேண்டும், சமாதானம் சொல்ல வேண்டும் என்றுகூடத் தெரிந்தது. ஒன்றும் செய்யாமல் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள்.

ஆலையில் சூப்பர்வைசர் ஒரு சட்டையைக் கொண்டுவந்து மேசையில் விரித்தான். "அக்கா, இது உங்க மேசையைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்திருக்கு. பட்டன் இருக்கு. பட்டன் போட ஓட்டையே இல்ல. இருபத்தி நாலு சட்டை இப்படி. வேற யாராவது இருந்தா நான் இந்நேரம் ஆடித் தீர்த்திருப்பேன். உங்களுக்கு என்னக்கா?"

அவள் சட்டையைப் பார்த்தாள். விரல்கள் மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தன. வெட்கமாக இருக்க வேண்டிய இடம். அதுவும் வரவில்லை.

அடுத்த முறை மருந்து வாங்கப் போனபோது டாக்டரம்மா அந்த நடுக்கத்தைப் பார்த்துவிட்டாள். "கையை நீட்டுங்க. எத்தனை நாளா இப்படி? நீங்க ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?"

உண்மை தெரிந்ததும் டாக்டரம்மாவுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. "பாதியா? எட்டு மாசமா? அவருக்குப் பாதிதான் போகுதுன்னு தெரியாம நான்பாட்டுக்குக் கூட்டிக்கிட்டே போயிருக்கேனே! புத்தி இருக்கா உங்களுக்கு?" பிறகு அவளே தணிந்து, இவள் உடம்பிலிருந்து மருந்தைப் படிப்படியாக இறக்கும் விதத்தை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தாள். "இனிமே அந்த டம்ளர்ல நீங்க வாய் வைக்கக் கூடாது. அவர் இப்ப புரிஞ்சுக்கற நிலைமையில இருக்கார். சொல்லிடுங்க. இன்னும் தள்ளிப்போட்டா அது ஏமாத்தறதாயிடும்."

ஞாயிற்றுக்கிழமை சொல்லலாம் என்று வைத்திருந்தாள். பாலைக் காய்ச்சி, பழக்கத்தில் பதினாறு சொட்டு விட்டு, மேசைக்குக் கொண்டுவந்தாள். எப்படித் தொடங்குவது என்று நின்றபோது அவர் முந்திக்கொண்டார்.

"இன்னிக்கு நீ குடிக்க வேண்டாம்."

"ஏங்க?"

"ஒன்பது வருஷமா உன்னைப் போட்டு வதைச்சிருக்கேன். ராத்திரியெல்லாம் அதையே நினைச்சுக்கிட்டிருந்தேன். எனக்கு ஏன் அப்படித் தோணிச்சுன்னு எனக்கே தெரியல. நீ போய் எனக்கு ஏதாவது கலந்து கொடுப்பியா?" நாற்காலியை மேசைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். "கொடு இப்படி."

கையை நீட்டினார். எந்த ஒரு வேளைக்காக அவள் காத்திருந்தாளோ, அது இதுதான். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். குடித்துவிடுவார். நாளைக்கும் குடிப்பார். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் இத்தனை நாளும் அவள் வாயிலும் பாதி போயிற்று. செய்தது தப்பு என்றாலும் சேர்ந்து குடித்த தப்பு. அவர் நம்பிக் கைநீட்டிய நாளிலா அதை அவருக்கு மட்டும் கொடுப்பது? அவள் டம்ளரின் வாயை உள்ளங்கையால் மூடினாள்.

"அதுல மருந்து இருக்கு."

ஒவ்வொன்றாகச் சொன்னாள். டாக்டரம்மா, பாட்டில், எட்டு, பன்னிரண்டு, பதினாறு.

"எத்தனை மாசமா?"

"எட்டு."

"நீயும்தானே குடிச்சே?"

"நானும்தான்."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். கத்துவார், டம்ளரைத் தட்டிவிடுவார் என்று அவள் காத்திருந்தாள். அவர் முகம் தளர்ந்தது. இத்தனை வருஷமும் அந்த முகத்தில் அப்படியொரு நிம்மதியை அவள் பார்த்ததில்லை.

"அப்போ எனக்குப் பைத்தியம் இல்ல" என்றார். "நீ கலந்துதான் கொடுத்திருக்கே."

"அது எட்டு மாசமாதாங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணுமே..."

சொல்லும்போதே அது எவ்வளவு சொத்தையான பேச்சு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவர் பாட்டிலைக் கொண்டுவரச் சொன்னார். மெஷின் மேல் ஒட்டிய எச்சரிக்கையைப் படிப்பவர் போல லேபிளை வரி வரியாகப் படித்தார். தனக்கு உண்மையில் போனது எட்டுச் சொட்டு என்று கணக்குப் போட்டுக் கேட்டுக்கொண்டார். டம்ளர்ப் பாலைத் தொட்டியில் கொட்டி, டம்ளரை இரண்டு முறை கழுவி, தானே புதுப் பால் காய்ச்சி, தானே எட்டுச் சொட்டு எண்ணி விட்டு, சூடு ஆறுவதற்குள் குடித்தார்.

"இது எனக்கு நல்லதுதான் பண்ணியிருக்கு, ஒத்துக்கறேன். விட மாட்டேன். டாக்டரையும் நானே போய்ப் பார்த்துக்கறேன்" என்றார். பிறகு மெதுவாக, "என் சாப்பாட்டையும் இனிமே நானே பண்ணிக்கறேன்" என்றார்.

"நான் வேணும்னா முன்ன மாதிரி சாப்பிட்டுக் காட்டறேங்க."

அவர் அவளைப் பார்த்தார். அதில் கோபம் துளியும் இல்லை.

"எப்படி நம்பறது? நீ சாப்பிட்டுக் காட்டிக்கிட்டேதானே கொடுத்தே?"

அதற்குப் பதில் இருந்தால் நீங்கள் சொல்லுங்கள்.

சொன்ன சொல் தவறவில்லை மனுஷன். டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தார், தேதி தவறாமல் மருந்து போட்டுக்கொண்டார், ஒரு மாதத்தில் பழைய வேலைக்கே கூப்பிட்டுக்கொண்டார்கள். அடுப்படியில் இன்னொரு அடுப்பு வந்தது. தனி அரிசி, தனி உப்பு, தனிக் கரண்டி. சண்டை இல்லை, சந்தேகப் பார்வை இல்லை. சமைத்தால், "உனக்கும் கொஞ்சம் வைக்கட்டுமா?" என்று கேட்பார். வாங்கிச் சாப்பிடுவாள். காரம் கொஞ்சம் தூக்கல், மற்றபடி நன்றாகவே சமைத்தார். அவள் சமைத்ததை மட்டும் ஒரு வாய் தொடவில்லை. அக்கம்பக்கத்தில், "தெய்வமே கண்ணைத் திறந்துடுச்சு, இல்ல?" என்றார்கள். "ஆமாம்" என்றாள்.

அவள் உடம்பிலிருந்து மருந்து முழுக்க இறங்க ஆறு வாரம் பிடித்தது. முதலில் நடுக்கம் நின்றது. பிறகு நாக்குக்கு ருசி தெரிந்தது. சிவப்பு ஸ்டிக்கர்கள் மறுபடி பறக்க, தையல் பெண்கள் முணுமுணுத்தார்கள். அப்படியொரு செவ்வாய்க்கிழமை பதினொரு மணி வாக்கில், ஒரு நீலச் சட்டையின் பட்டனை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டையில் பொட்டுப் பொட்டாக ஈரம் விழுந்தது. துடைக்கத் துடைக்க நிற்கவில்லை. மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, மெஷின் சத்தத்தையும் மீறி, வாய்விட்டு அழுதாள்.

சூப்பர்வைசர் பதறி ஓடி வந்தான். "என்னக்கா? வீட்டுல யாருக்காவது ஏதாவது...?"

"எங்க வீட்டுக்காரருக்குக் குணமாயிடுச்சு தம்பி."

அவன் ஒன்றும் புரியாமல் விழித்தான். "நல்ல விஷயம்தானேக்கா! அதுக்குப் போய் யாராவது அழுவாங்களா?"

"நல்ல விஷயம்தான்" என்றாள். மறுபடியும் அழுதாள்.