மணிவண்ணனின் ரிலீவர்

மணிவண்ணனிடம் இன்று என்ன கிழமை என்று கேட்டால் "பி ஷிப்ட்" என்பான். கிண்டல் இல்லை, அவனுக்கு நிஜமாகவே அப்படித்தான் வாயில் வரும். அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் அவனும் நானும் பன்னிரண்டு வருஷமாகக் கன்ட்ரோல் ரூமில் இருக்கிறோம். சூளையின் சூட்டைத் திரையில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய வேலை. காலை ஆறுக்கு ஏ ஷிப்ட், மதியம் இரண்டுக்கு பி, இரவு பத்துக்கு சி. அடுத்த ஷிப்ட் ஆளை ரிலீவர் என்போம். அவர் வந்து நாற்காலியில் உட்காரும்வரை முந்தைய ஆள் எழுந்து போகக் கூடாது.

எங்களுக்குள் ஷிப்டை மாற்றிக்கொள்வது வழக்கம். கல்யாணம், கருமாதி, கரண்ட் ஆபீஸ் என்று யாருக்காவது ஏதாவது இருந்துகொண்டே இருக்கும். பேசி முடித்து, ஷிப்ட் நோட்டில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டால் தீர்ந்தது. இதில் எல்லோருக்கும் வசதியான ஆள் மணிவண்ணன். நாம் கேட்டு வாய் மூடுவதற்குள் "சரிங்க" என்றுவிடுவான். அவன் அம்மா கொளஞ்சியம்மாள் பிறத்தியார் வயலில் களை எடுத்து அவனை ஐ.டி.ஐ. படிக்க வைத்தவர். கூப்பிட்ட நேரத்துக்குப் போகாவிட்டால் மறுநாள் கூப்பிடவே மாட்டார்கள் என்ற பயத்தோடு வளர்ந்தவன் அவன். இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் நானும் அவனிடமே போய்க் கேட்பேன்.

போன வருஷம், நேரத்தை ஒழுங்காகச் செலவழிப்பது எப்படி என்று வகுப்பெடுக்கச் சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். நேற்று எதெதற்கு எத்தனை மணி நேரம் போனது என்று எழுதிக் கூட்டச் சொன்னார். மணிவண்ணனுக்கு முப்பத்தொன்று வந்தது.

"ஒரு நாளைக்கு இருபத்துநாலு மணி நேரம்தானே சார்?" என்றார் அவர்.

"எனக்கும் அதாங்க சார் புரியல."

மறுபடி கூட்டினான். அப்போதும் முப்பத்தொன்று. நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவன் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இந்த ஆவணியில் அவன் தங்கை கலையரசியின் மகளுக்குப் பாடாலூரில் காது குத்து வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். குழந்தைக்கு இருப்பது இவன் ஒரே மாமன். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளை அது.

"அண்ணே, வளைகாப்புக்கும் நீ வரல, பேரு வெக்கவும் வரல. இதுக்கும் வரலைன்னா எனக்கு அண்ணனே இல்லன்னு நெனச்சிக்கிறேன்" என்று கலையரசி சொல்லிவிட்டாள்.

அந்த ஒரு ஞாயிறைக் காலியாக்க மூன்று வாரம் அல்லாடினான். யார் யாருடைய ஷிப்டையோ வாங்கிக்கொண்டான். அந்த வாரம் மட்டும் மூன்று நாள் இரட்டை ஷிப்ட். சனிக்கிழமை இரவு சி ஷிப்டை முடித்தால் ஞாயிறு காலை ஆறு மணிக்கு விடுதலை என்று நினைத்திருந்தான்.

ஞாயிறு காலை ஆறே காலுக்கு எனக்குப் போன் வந்தது. நான் மனைவி பூங்காவனத்தோடும் பிள்ளைகளோடும் கங்கைகொண்ட சோழபுரத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

"ராஜதுரை, எங்கடா இருக்க? சீக்கிரம் வந்து என்னை வுடு. ஒம்போது மணிக்குக் காது குத்து."

"நான் ஏன்டா வரணும்? இன்னைக்கு ஏ ஷிப்டத்தான் ஒங்கிட்ட குடுத்துட்டனே."

"எங்கிட்டயா?"

"செவ்வாக்கிழமை கேன்டீன்ல கேட்டேன், சரின்னு சொன்ன. நோட்டப் பாரு."

தாள் புரட்டும் சத்தம் கேட்டது.

"என் கையெழுத்துதான்" என்றான். "அப்ப எனக்கு ரிலீவர் நான்தானா? நான் இங்கதான இருக்கேன்... அப்ப யாருடா வரணும்?"

சத்தியமாகச் சொல்கிறேன், அவன் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. எனக்குச் சுருக்கென்றது. காது குத்து அன்றைக்குத்தான் என்று தெரிந்தா அவனிடம் கேட்டேன்? தெரியாமல்தான் கேட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அதுவும் இப்போது சரியாக நினைவில்லை.

பூங்காவனம் கத்திக்கொண்டிருக்கும்போதே வண்டியை எடுத்தேன். ஏழு மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்து, "தூக்கக் கலக்கத்துல பைக்க எடுக்காத, பஸ்ஸுல போ" என்று அவனை விரட்டினேன். பத்து மணிக்குக் கலையரசிக்குப் போன் போட்டேன். "வந்துட்டாருண்ணே" என்றாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

இரண்டு நாள் கழித்து, கேன்டீனில் டீயை வைத்துவிட்டுத் தன் போனை என்னிடம் நீட்டினான். விழா வீடியோ. புது வேட்டியும் மாலையுமாக அவன் உட்கார்ந்திருக்கிறான். மடியில் பாப்பா. ஆசாரி குத்தியதும் பிள்ளை வீறிட்டுக் கத்தி, திரும்பி அவன் கழுத்தைக் கட்டிக்கொள்கிறது. அவன் கை அப்படியே தொங்குகிறது. "இருங்க, ரிலீவர் வந்துருவாரு" என்கிறான். சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். கலையரசி மட்டும் சிரிக்கவில்லை.

"இதுல நான் முழிச்சிருக்கனாடா?" என்று கேட்டான்.

"கண்ணு தொறந்துதான்டா இருக்கு."

"பஸ்ஸுல ஏறுனது தெரியுது. சாயங்காலம் அம்மா எழுப்பி சோறு போட்டது தெரியுது. நடுவுல ஒண்ணுமே இல்ல."

வீடியோவை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டான்.

"பாப்பா என்னைத்தான் கட்டிக்கிட்டு அழுதிருக்கு, பாரு. அண்ணே நீ வந்தியா இல்லையான்னு தங்கச்சி கேக்குறா. என்னடா சொல்றது நான்?"