சம்சாரம் போயி

கல்யாணமாகித் தென்காசியிலிருந்து கொச்சி மட்டாஞ்சேரிக்கு வந்து ஐந்தாறு வருஷம் ஆகியும் எனக்கு மலையாளம் வரவில்லை. வர வேண்டிய அவசியமே இல்லாமல் அவர் என்னை வைத்திருந்தார். சின்ன வயசிலேயே இங்கே அரிசிக் கிடங்குக்கு வேலைக்கு வந்தவர். வாசல்படி தாண்டினால் மலையாளம், உள்ளே என்னிடம் தமிழ். செருப்போடு சேர்த்து அந்தப் பாஷையையும் வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு வருகிறார் என்று கேலி செய்வேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு மழைக்காலம். கிடங்கில் மயங்கி விழுந்தவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். வலது கையும் காலும் விளங்காமல் வீடு திரும்பினார். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். வாயைத் திறந்தால் மலையாளம் மட்டும்தான் வந்தது, அதுவும் திக்கித் திணறி. நான் தமிழில் கேட்டால் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏளா" என்று என்னைக் கூப்பிட்ட மனுஷன், கஞ்சியோடு போன என்னிடம் "நிங்ஙள் இரிக்கூ" என்றார், வந்த விருந்தாளியை உட்காரச் சொல்கிற மாதிரி.

சிலருக்கு இப்படி ஒரு பாஷை மட்டும் போகும், திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். அதெல்லாம் என் மண்டையில் ஏறவில்லை. நாங்கள் சண்டை போட்டது, சமாதானம் ஆனது, ஊர் நினைப்பில் நான் அழுதபோது அவர் தேற்றியது, எல்லாமே தமிழில்தான். தமிழே போய்விட்டால் அதெல்லாம் அவருக்குள் எங்கே இருக்கும்? நான் எங்கே இருப்பேன்? இந்தப் பயத்தில் சோறு இறங்கவில்லை.

ஒரு நாள் மத்தியானம் கஞ்சி எடுத்துப் போனேன். அவர் கண் நிறைந்திருந்தது. என்னை நேராகப் பார்த்துச் சொன்னார்.

"என்டெ சம்சாரம் போயி."

கிண்ணத்தைக் கீழே வைத்தேன். "ஏங்க, நான் இங்கனதான நிக்கேன்."

"போயி," என்றார் மறுபடியும். "சம்சாரம் போயி."

எதிரே நிற்கிற பெண்டாட்டியைப் போய்விட்டாள் என்று சொல்லிப் புருஷன் அழுகிறார். தமிழர்களோடு பழகி அரைகுறைத் தமிழ் பேசும் பக்கத்து வீட்டுச் சேச்சியிடம் ஓடினேன்.

"அய்யோ மோளே," என்று அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நிங்ஙளுக்கு சம்சாரம்னா பொண்டாட்டி. ஞங்ஙளுக்குப் பேச்சு. பேச்சு போயின்னு சொல்லித்தான் அங்கேரு அழுவுறது."

சிரிப்புதான் முதலில் வந்தது. அடுத்த நிமிஷமே பழைய பயம் பிடித்துக்கொண்டது. நான் செத்துவிட்டதாக அவர் சொல்லவில்லை, சரி. என்னைத் தெரிகிறது என்றும் சொல்லவில்லையே. சேச்சியிடம் ஒரே ஒரு கேள்வியை மலையாளத்தில் கேட்டு வாங்கி, முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்த பிறகு, கேட்காமலே இருந்துவிடலாமா என்று தோன்றியது.

"ஞான் ஆராணு?"

நான் யார் என்று கேட்டது அவருக்குப் புரிந்தது. வெகுநேரம் என் முகத்தைப் பார்த்தார். உதடு கோணிக் கோணி ஒரு சொல் வந்தது.

"சம்சாரம்."

பெண்டாட்டி என்றாரா, பேச்சு போன அதே புலம்பலா, தெரியவில்லை. ஆறிப்போன கஞ்சியை எடுத்து ஊட்டினேன். அந்தக் கேள்வியை அதற்கப்புறம் நான் கேட்கவே இல்லை. வேறு பதில் வந்துவிடுமோ என்று பயம்.