இஸ்திரி போட்டு வைத்த புடவை

காக்ஸ் டவுனில் ஒரு வகுப்பில் ஷிபோரி என்ற ஜப்பானியச் சாயக்கலையைக் கற்றுக்கொண்டேன். துணியைக் கிள்ளிக் கிள்ளி நூலால் இறுக்கிக் கட்டி நீலச் சாயத்தில் முக்கினால், கட்டிய இடமெல்லாம் வெள்ளைப் பூவாக நிற்கும். ஒரு வெள்ளைப் புடவை முழுக்க முடிச்சுப் போட எனக்கு ஒரு மழைக்காலமே ஆனது.

சாயம் முக்க வேண்டிய ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சிலிருந்து வந்து பார்த்தால், புடவை கட்டிலில் மடித்து வைத்திருந்தது. ஒரு முடிச்சுகூட இல்லை.

"ஒரே சுருக்கமா கிடந்துச்சு. காலையிலேர்ந்து உட்கார்ந்து நூலையெல்லாம் வெட்டி எடுத்து, இஸ்திரி போட்டுட்டேன்" என்றார் கணவர், பெருமையாக.

வாய்க்கு வந்தபடி திட்டத்தான் நினைத்தேன். "அது என்னன்னு நெனச்சீங்க?" என்றுதான் கேட்க வந்தது.

"யாருக்குத் தெரியும்? இப்பதான் பார்க்கிறேன்."

தினமும் சாயங்காலம் டிவி முன்னால், அவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் அந்த முடிச்செல்லாம் போட்டேன். புடவை போனால் போகட்டும். அத்தனை நாளும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது யாரென்று நினைத்தாரோ!