வெறும் தூம்பா

எங்கள் வீட்டில் சண்டை ஒன்றே ஒன்றுதான்: அண்ணன் செத்தானா, இல்லையா. அவன் சரக்குக் கப்பலில் வேலைக்குப் போனவன். தொண்ணூற்றொன்றில் ஒருநாள் கம்பெனி ஆள் ஜோகுபாளையத்து வீட்டுக்கு வந்து, நடுக்கடலில் ஆளைக் காணோம் என்று சொல்லிவிட்டு, கொடுத்த காபியைக்கூடக் குடிக்காமல் போனான். உடம்பு கிடைக்கவில்லை. "செத்துட்டான், மனச தேத்திக்க" என்பார் அப்பா. "நீங்க பாத்தீங்களா?" என்பாள் அம்மா. நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவள் நான். கேட் சத்தம் கேட்டால் மூன்று பேரும் பேச்சை நிறுத்திவிடுவோம். சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் ஒருமுறை எவனோ ஒருவனுடைய பிடரியைப் பார்த்துவிட்டுப் பின்னாலேயே ஓடியிருக்கிறேன். திரும்பினவன் யாரோ. அன்றைக்கு எனக்கு வந்த கோபமெல்லாம் அண்ணன் மேல்தான்.

நவம்பர் வந்தால் எங்கள் மாதா கோயிலில் இறந்தவர்களின் பெயர்களை மைக்கில் வாசிப்பார்கள். தமிழ்ப் பூசையா கன்னடப் பூசையா என்று அடித்துக்கொள்கிற கோயில் அது. இந்த வாசிப்பில் மட்டும் சண்டை கிடையாது. ஒரு வருஷம் யாரோ நல்லெண்ணத்தில் அண்ணன் பெயரையும் கொடுத்துத் தொலைத்தார்கள். அம்மா எழுந்து நின்று, "எம்புள்ள சாவல!" என்று கத்தினாள். அதோடு அந்தக் கோயில் வாசலை மிதிப்பதை விட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் பிரேசர் டவுனில் ஒரு சிற்றாலயத்தில், ஆயரிடம் அனுமதி வாங்கி, பழைய லத்தீன் பூசையை மறுபடி ஆரம்பித்தார்கள். அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு அங்கே போனாள். பூசை வைத்தவர் வயசான சாமியார். வந்ததோ பெரும்பாலும் கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன்களும் முக்காடு போட்ட காலேஜ் பெண்களும். தாங்கள் பிறக்கும் முன்பே நின்றுபோன பூசைக்கு இதுகள் ஏன் இப்படி உருகுகின்றன என்று எனக்கு ஒரே எரிச்சல். சாமியார் முதுகைக் காட்டிக்கொண்டு முணுமுணுப்பார். நாம் முட்டி தேயக் கிடக்க வேண்டும்.

"ஒரு வார்த்தையாச்சும் புரியுதாம்மா உனக்கு?"

"புரியாம இருக்கறதுதான்டி நிம்மதி. அங்க மைக்கு இல்ல, யாரும் பேர் வாசிக்க மாட்டாங்க. சும்னே பேசாம வா."

அடுத்த நவம்பரில் மூன்று பேருமாகப் போனோம். இழுத்தால்கூடக் கோயிலுக்கு வராத அப்பா, அன்று தானாகவே சட்டையை மாட்டிக்கொண்டார். உள்ளே நுழைந்ததும் எனக்குத் திக்கென்றது. பீடத்துக்கு முன்னால், நடுவழியில், கருப்புத் துணி மூடிய சவப்பெட்டி. இரண்டு பக்கமும் மஞ்சள் மெழுகுவர்த்திகள் எரிந்தன.

"யாரும்மா செத்தது?"

"லூசு. அது தூம்பா. உள்ள ஒண்ணும் இருக்காது. பொணம் இல்லாத பூசைக்கு, செத்தவங்க இருக்கற மாதிரி வெப்பாங்க. எங்க சின்ன வயசுல எல்லாக் கோயில்லயும் உண்டு."

காலியென்று தெரிந்த பிறகும் எனக்கு அந்தப் பக்கம் பார்க்கப் பயமாக இருந்தது.

பூசை ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில், புரியாத லத்தீனுக்கு நடுவே எங்களுக்குப் புரிகிற ஒரே ஒரு சொல் வந்தது. அண்ணன் பெயர். அம்மா கையில் ஜெபமாலை நின்றது. அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். அவன் ஆத்துமாவுக்காக அந்தப் பூசையைச் சொல்லிவைத்தது அவர்தான். லத்தீனில் ஓதினால் இவளுக்கு எங்கே தெரியப்போகிறது என்று நினைத்திருக்கிறார். லத்தீனிலும் பெயர் பெயராகத்தான் வரும் என்பது மனுஷனுக்குத் தோன்றவே இல்லை. இதோ கத்தப்போகிறாள் என்று அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

கத்தவில்லை. பூசை முடிந்து, சாமியார் கருப்பு அங்கியோடு இறங்கி வந்து, தூம்பாவைச் சுற்றித் தீர்த்தம் தெளிக்கக் கையை ஓங்கினார். அம்மா முந்தானையை வெடுக்கென்று உருவிக்கொண்டு எழுந்தாள். நேரே போய்க் கருப்புத் துணியைத் தூக்கி, தலையை உள்ளே விட்டாள். இரண்டு பெஞ்சுகள், அவற்றின் மேல் மூடியில்லாத ஒரு பிளைவுட் பெட்டி, அவ்வளவுதான். நிதானமாகப் பார்த்தாள்.

"உள்ள யாரும் இல்ல சாமி" என்றாள். "நீங்க ஓதுங்க."

துணியைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டு, திரும்பி வந்து முழந்தாளிட்டாள். சாமியார் தீர்த்தத்தைத் தெளித்தார்.

ஆட்டோவில் மூவரும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். இன்றைக்கு அப்பாவை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள் என்று காத்திருந்தேன். ஆட்டோ அல்சூர் ஏரியைத் தாண்டியது. இத்தனை வருஷமாக, செத்துட்டான், செத்துட்டான் என்று எங்கள் வாயை அடைத்த மனுஷன், எனக்குக் கேட்கக் கூடாதென்று அம்மா காதருகே குனிந்தார்.

"இந்தாமே... நல்லா பாத்தியா?"

"பாத்தேங்க" என்றாள் அம்மா. "அந்தக் கோடி வரைக்கும் பாத்தேன். இல்ல."