மழைக்கு முந்திய கடன்

2016 மார்ச் 3 – 14,000 ஷில்லிங் – 31 மூட்டை
2017 ஏப்ரல் 20 – 14,000 ஷில்லிங் – 15 மூட்டை
2018 ஏப்ரல் 26 – 14,000 ஷில்லிங் – 13 மூட்டை

நகுமிச்சா இதைத் தன் தானியக் கொட்டகைக் கதவில் கரியால் எழுதிவைத்திருக்கிறாள். கடன் கைக்கு வந்த தேதி, தொகை, ஒன்றரை ஏக்கரில் விளைந்த மக்காச்சோளம். யார் வந்தாலும் முதலில் அந்தக் கதவின் முன் நிறுத்துவாள். தேநீரெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கென்யாவின் புங்கோமா பக்கம் மார்ச் நடுவில் மழை இறங்கிவிடும். விதை விழும் குழியிலேயே உரமும் விழவேண்டும். குழிக்கு ஒரு சோடா மூடி. மேலே நிற்பதை விரலால் வழித்துவிட்டுத்தான் போடுவாள். 2017இல் கடன் பணத்தில் வாங்கும் உரத்துக்காகக் காத்திருந்து, மழை தொடங்கி ஐந்து வாரம் கழித்து விதைத்தாள். மறு ஆண்டு காத்திராமல், உரமின்றி விதைத்தாள். இரண்டு முறையும் பாதிதான் தேறியது.

வயது ஐம்பத்து நான்கு. நெடிய உருவம், ஆண்கள் அணியும் ரப்பர் காலணி, அடுத்த வயல்வரை கேட்கும் சிரிப்பு. ஒருவருக்கொருவர் ஜாமீன் நிற்கும் பத்துப் பெண்களின் கடன் குழுவுக்கு அவள்தான் தலைவி. "கடனுக்கு நான் பயப்படல. அது அசைஞ்சு அசைஞ்சு வருது பாரு, அதுக்குத்தான் பயம்" என்பாள்.

கடன் நிறுவனத்திலிருந்து வாரந்தோறும் தவணை வாங்க வரும் முலோங்கோவும் அந்தக் கதவின் முன் நின்றவர்தான்.

"வட்டாரத்துல எல்லாரும் பழைய கடன அடைச்சாத்தான் புதுசும்மா. ரெண்டு வருஷமா சட்டம் அப்படி."

"உங்க சட்டத்துக்காக மழை காத்துக்கிட்டு நிக்குமா? நாங்க பத்துப் பேரும் டிசம்பர்லயே அடைச்சிட்டா?"

"அத மேலிடத்துலதான் கேக்கணும்."

"முகவரிய எழுதிக் குடுங்க."

எழுதிக் கேட்டாள். பரிசீலிப்பதாகத் தலைமை அலுவலகத்திலிருந்து பதில் வந்தது, வாக்குறுதி ஏதுமில்லை. அதை நம்பியே டிசம்பரில் நான்கு மூட்டையை விற்று மீதக் கடனை அடைத்தாள். மே மாதம் மூவாயிரத்துக்குப் போகும் மூட்டை, அப்போது ஆயிரத்து ஐந்நூறு. குழுவில் செலினாவுக்கு மட்டும் ஆயிரத்து ஐந்நூறு குறைந்தது. நகுமிச்சா ஐந்தாவது மூட்டையையும் வெளியே உருட்டினாள்.

"அக்கா, அவங்க சீக்கிரம் குடுக்கலேன்னா? ஜூன்ல உங்க வீட்டுல உகாலிக் களி கிண்ட மாவு இருக்காதே!" என்றாள் செலினா.

"அப்ப உன் வீட்டுக்குத்தான் சாப்பிட வருவேன். தட்டு பெருசா இருக்கட்டும்."

மிச்சம் எட்டு மூட்டை. வீட்டில் ஆறு வயிறு. அன்றிரவே பத்துப் பேரின் ரசீது எண்களையும் எழுதி, "மார்ச் பத்துக்குள் தருவீர்களா? ஆம் அல்லது இல்லை" என்று இரண்டாவது கடிதத்தை முடித்தாள். ஜனவரி முழுக்கப் பதிலில்லை. அவளோ பழைய தட்டைகளைப் பிடுங்கி, வயலைச் சுத்தமாக்கிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் முலோங்கோ சாலையில் வண்டியை நிறுத்திக் கடிதத்தை நீட்டினார். நின்றபடியே படித்தாள். பத்துப் பேருக்கும் மார்ச் ஐந்தாம் தேதி பணம். வீட்டுக்குத் திரும்பாமல், ஏரும் எருதும் வாடகைக்கு விடும் கயெம்பாவின் வாசலுக்கு நேரே நடந்தாள்.

"வானத்துல ஒரு மேகம் காணோம், அதுக்குள்ள எருதா?" என்று சிரித்தார் அவர்.

"மார்ச் ஏழு, காலைல. எருதுங்களுக்கு நல்லாத் தீனி போடுங்கண்ணே. என் வயல் முடிஞ்சா, பின்னாடி இன்னும் ஒம்பது இருக்கு."

தலைத்துணியின் முடிச்சை அவிழ்த்து, இருநூறு ஷில்லிங்கை முன்பணமாக எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களைத் தானே மடக்கிவிட்டாள்.

கடிதம் வந்த நாள்: 2019 பிப்ரவரி 26, செவ்வாய்க்கிழமை.