படுத்தால்தான் அளவு

“காலை நல்லா நீட்டுங்க. குதிகால் சுவத்துல ஒட்டணும். மூச்சப் பிடிக்க வேண்டாம் சார், இது ஆர்மி செலக்‌ஷன் இல்ல.”

கொர்னேலியஸ் மாஸ்டர் தரையில் மண்டியிட்டு டேப்பை உருவுகிறார். பாயில் மல்லாந்து கிடப்பவர் சந்தோஷ்குமார், வங்கி ஊழியர், எதிர்வீட்டுக்குப் போன வாரம்தான் குடிவந்தவர். பால் எங்கே கிடைக்கும் என்று கேட்க வந்தார். பால் கிடைக்கும் இடத்தைச் சொன்ன மாஸ்டர், கையோடு பாயையும் விரித்துவிட்டார். டேப்பின் முனை வளையம் குதிகாலில் இருந்து உச்சந்தலைக்குப் போய்ச் சேர்கிறது. “ஒன் பாயின்ட் செவன் ஒன்” என்று தெருமுனைக்குக் கேட்கும்படி கூவுகிறார் மாஸ்டர். சந்தோஷ்குமார் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு நன்றி சொல்கிறார். பாவம், அக்கம்பக்கத்தில் யாரும் அவரிடம் இன்னும் விஷயத்தைச் சொல்லவில்லை.

மைசூர் பன்னிமண்டபத்தின் பின்தெருக்களில் மாஸ்டர் கையால் போர்வை வாங்காத வீடு குறைவு. பிள்ளை பிறந்தால் போர்வை, கல்யாணம் என்றால் போர்வை, பென்ஷன் வந்தால் போர்வை. விலைக்குக் கொடுப்பதில்லை. ஒரு மிஷன் பள்ளியில் முப்பது வருஷத்துக்கு மேல் பி.டி. மாஸ்டராக இருந்தவர். ஓய்வு பெற்ற நாளில் பள்ளிக்கூடம் அவருக்கு ஒரு மாலையும் மைசூர்பாகு டப்பாவும் சுவர்க்கடிகாரமும் கொடுத்தது. நீளம் தாண்டுதல் அளக்கிற டேப்பை அவராகவே எடுத்துக்கொண்டார். தோல் உறை போட்ட வட்ட டேப், பக்கத்தில் சுற்றுகிற கைப்பிடி. கேட்டால், “அங்க இருந்தா அதை வெச்சு பந்தலுக்கு அளப்பாங்க” என்பார்.

அவர் போர்வையில் தையல் கிடையாது, தைக்கவும் தெரியாது. பொம்மைக்குப் போடுகிற மாதிரி மெத்தென்ற துணியில் இரண்டு துண்டு, ஒன்றன்மேல் ஒன்று. நாலு ஓரத்தையும் விரற்கடை அகலத்துக்குக் கீற்றுக் கீற்றாகக் கத்தரித்து, மேல் கீற்றையும் கீழ்க் கீற்றையும் சேர்த்து ரெட்டை முடிச்சு. அவ்வளவுதான். டிவியில் கபடி ஓடிக்கொண்டிருக்கும். ரெய்டு போனவன் மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் மாஸ்டரின் முடிச்சு இறுகும். அவர் ஆதரிக்கிற அணி தோற்ற அன்று போட்ட முடிச்சைக் குறடு வைத்தாலும் பிரிக்க முடியாது. மூலைகளில் வெட்டி எடுத்த சதுரத் துண்டுகள் அந்த வீட்டில் சாப்பாட்டு நாற்காலியின் கால்களுக்குக் காலுறையாக, காஸ் சிலிண்டருக்குத் தொப்பியாக, எங்கும் இருக்கின்றன.

ஆனால் அளவு விஷயத்தில் மட்டும் ஒரு நூல் விட்டுக்கொடுக்க மாட்டார். மாஸ்டர் ஆறடிக்கு மேல் ஓங்கியவர். பிறந்ததிலிருந்து எந்தப் போர்வையும் அவர் பாதத்தை மூடியது கிடையாது. கழுத்தை மூடினால் கால் வெளியே, காலை மூடினால் மார்பு வெளியே. ஊரில் ஒருத்தருக்கும் அந்தக் கதி வரக்கூடாது என்பது அவர் கொள்கை. நிற்கவைத்து அளக்கலாமே என்று யாராவது கேட்டுவிட்டால் போச்சு. “நின்னு அளந்தா அது பேண்ட்டுக்கு. மனுஷன் படுத்தா ஒரு இஞ்சு வளர்றான். படுத்துத்தான் அளக்கணும்” என்பார். பாயை விரித்து, படுக்கவைத்து, குதிகால் முதல் உச்சந்தலை வரை.

இப்படி அளக்கிற இன்னொரு ஆசாமி உலகத்தில் உண்டு. சவப்பெட்டிக்காரர். அது மட்டும் மாஸ்டரின் மண்டையில் ஏறவே இல்லை.

வினை கார்ல் தாத்தாவில் தொடங்கியது. கார்ல் தாத்தா கோயில் பாடகர் குழுவில் கட்டைக் குரலுக்குப் பேர்போனவர், எண்பதைத் தாண்டியவர். குளிர்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னார். மாஸ்டர் அன்று மாலையே அளந்து, கடையில் மிஞ்சியிருந்த சிறுத்தைப்புள்ளித் துணியில் முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். தாத்தா அதைப் போர்த்தியபடியே அடுத்த வாரம் தூக்கத்தில் போய்ச் சேர்ந்தார். பிரியமான போர்வை என்று மகன்கள் அதையும் பெட்டிக்குள் வைத்தார்கள். அங்கேதான் வந்தது வம்பு. கால்பக்கம் கொஞ்சம் மடித்ததும் போர்வை பெட்டிக்குள் அச்சாகப் பொருந்திவிட்டது, ஓரத்து முடிச்செல்லாம் விளிம்போடு வரிசையாக. ஐம்பது வருஷம் பூசையில் பாடிய மனிதர் சிறுத்தை போர்த்திக்கொண்டு படுத்திருப்பதை ஃபாதர் ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு ஜெபத்தைக் கொஞ்சம் வேகமாக முடித்தார்.

அடுத்து ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவர். அவருக்கு அளவெடுத்தது ஞாயிறு. மாஸ்டர் மூன்று ஓரம் முடித்து நாலாவது ஓரத்துக்கு வருவதற்குள் அந்த அம்மா முந்திக்கொண்டார். காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் இரண்டு பழம் விழுந்த பிறகு காகத்தை யார் நம்புவார்கள்?

அதற்கப்புறம் மாஸ்டர் நோயாளியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனால், மயக்கத்தில் இருப்பவர்கூட முழங்காலை மடக்கிக்கொள்வதாகப் பேச்சு. ஷிவராம்பேட்டைத் துணிக்கடை நஞ்சுண்டசாமி மீட்டர் கோலை எடுப்பதற்கு முன்பே கேட்பார்: “இந்த வாட்டி யாருக்கு மேஷ்ட்ரே? சொல்லிட்டா நானும் ஒரு தடவ முகத்தப் பாத்துட்டு வந்துடுவேன்.” பக்கத்து மாடியில் வாடகைக்கு இருக்கிற யுவன் ஒருநாள் இருட்டில் வந்து மெதுவாகச் சொன்னான்: “சார், எங்க ஓனருக்கு ஒரு போர்வை போடுங்களேன். துணிக்கு ஆகுறத நான் தர்றேன்.”

மாஸ்டர் சிரிக்கவில்லை. “நான் அளந்ததுல பாதிப்பேரு இன்னும் இட்லி தின்னுட்டுதான் இருக்காங்க” என்று கணக்குக் காட்டினார். மீதிப் பாதி என்ன செய்கிறார்கள் என்று எவனாவது கேட்டால் கத்தரியைத் தேட எழுந்துபோய்விடுவார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அவர் மனைவி ஜெனிஃபர், தாலுக்கா ஆபீசில் வேலை பார்க்கிறவர், நியாயமாகத்தான் யோசனை சொன்னார்: “ஒரே சைஸா போட்டுக் கொடுங்களேன். யாரு கேக்கப் போறா?” மாஸ்டருக்கு முகம் சுண்டிப்போனது. “கண்ணளவுல போட்டா அது கடைப் போர்வை. அதுக்குக் கடையிலயே வாங்கிக் கொடுத்துடலாமே.”

இதெல்லாம் ஊர்ச் சிரிப்போடு போயிருக்கும். ஆனால் இந்த மார்கழியில் ஜேன் அக்காவுக்குப் பித்தப்பையில் கல், ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள்.

ஜேன் அக்கா மாஸ்டரின் உடன்பிறந்தவர், எட்டு வயது மூத்தவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மாஸ்டர் வீட்டின் பின்போர்ஷனில் இருக்கிறார். நர்ஸ் வேலை பார்த்து ஓய்ந்தவர். மாஸ்டர் ஓட்டப்பந்தயத்துக்குப் போட்ட முதல் ஆணி ஷூ ஜேனின் முதல் சம்பளத்தில் வாங்கியது. சர்வீஸ் முழுக்க ஆயிரம் பேரிடம் “ஒண்ணும் ஆகாது, கண்ண மூடித் தெறக்குறதுக்குள்ள முடிஞ்சிடும்” என்று சொன்னவர், தன்னிடம் டாக்டர் அதையே சொன்னபோது நம்பவில்லை. வீட்டுக்கு வந்த கையோடு, வேலை செய்கிற மனிஷாவுக்கு மிக்ஸியைத் தூக்கிக் கொடுத்தார். ஜெனிஃபரைக் கூப்பிட்டு அலமாரியைத் திறந்து, “அந்த நீலப் பட்டு. மறந்துட்டு மைசூர் சில்க்கக் கட்டிவிட்டுடாதீங்க, அது உனக்கு” என்றார்.

மாஸ்டருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வந்தால் பல்லு தந்தியடிக்கும், ஆஸ்பத்திரிக் கம்பளி முழங்காலோடு நின்றுவிடும் என்று ஜேனே எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். அன்றே போய் மஞ்சள் துணி வாங்கி வந்தார். நீலம் பக்கமே திரும்பவில்லை. டேப்பை எடுத்துக்கொண்டு பின்போர்ஷனுக்குப் போனார்.

“பேடா” என்றார் ஜேன் அக்கா, வேண்டாம் என்பதைக் கன்னடத்தில். “என்னை அளக்குறதுக்கு ஆள் தனியா வருவான். நீ சும்னே போ.”

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது மாஸ்டருக்குப் புரிந்தது. புரிந்தாலும் விடுகிற ஆள் இல்லை. மதியம் அக்கா கண்ணயர்ந்த நேரம் பார்த்துப் பூனைபோலப் போனார். நைட் டூட்டி பார்த்தே வயதான உடம்பு, டேப் வளையம் கட்டில் கம்பியில் லேசாகத் தட்டியதும், கண்ணைத் திறக்காமலே குரல் வந்தது: “இன்னும் உசுரு போகல. போய் டீ குடி.” மறுநாள் மொட்டை மாடியில் காய்ந்துகொண்டிருந்த அக்காவின் நைட்டியை, தோளிலிருந்து ஓரம்வரை அளந்து, “ஒன் பாயின்ட் த்ரீ ஃபோர்” என்று பழக்கதோஷத்தில் கூவியும் விட்டார். அடுத்த மாடியில் வடாம் பிழிந்துகொண்டிருந்த நிர்மலா திரும்பிப் பார்த்தார். அன்று சாயங்காலம் ஜெனிஃபர் ஆபீசிலிருந்து வந்ததும் கேட்டது, “யாரோட நைட்டிய எதுக்கு அளந்தீங்க?” என்றுதான்.

நைட்டிக்கு ஏது தலையும் பாதமும்? அந்த அளவு ஒன்றுக்கும் ஆகவில்லை. வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். மஞ்சள் துணி கத்தரி படாமல் சாப்பாட்டு மேசையில் மடித்தபடி கிடந்தது. மாஸ்டர் கபடி பார்க்கவில்லை. அவருக்கு இப்போது போர்வை பெரிதில்லை. அக்கா ஒரு தரம் காலை நீட்டிப் படுத்துக் காட்டிவிட்டால் போதும். நீட்ட மாட்டேன் என்றால், திரும்பி வருகிற எண்ணமே அவருக்கு இல்லை என்று அர்த்தம். 

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் நேராகப் பின்போர்ஷனுக்குப் போய், அக்காவின் கட்டிலுக்கு முன்னால் சிவப்புச் சிமெண்டுத் தரையில் சட்டை கசங்கப் படுத்துவிட்டார்.

“என்னடா கொர்னி இது?”

“நீ என்னை அள. ஊரு பூரா அளந்தேன், என்னை ஒருத்தனும் அளக்கல. எனக்கு ஒண்ணும் ஆகலைன்னா உனக்கும் ஒண்ணும் ஆகாது. அப்புறம் நீ படு.”

“எனக்கு இதுலல்லாம் நம்பிக்கை இல்ல.”

“நம்பிக்கை இல்லாதவ எதுக்குப் பயப்படுற? அள.”

ஜேன் அக்கா அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தார். ஆணி ஷூ வாங்கிக் கொடுத்த நாளில் இருந்து தம்பி இவ்வளவு நீளமாகக் கிடந்து அவர் பார்த்ததில்லை போல. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கி, மோடாவில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். டேப்பை வாங்கினார். எத்தனையோ பேருக்கு ஊசி போட்ட கை. அவசரப்படாமல் வளையத்தை உருவிக் குதிகாலுக்குக் கொண்டுபோனார்.

இரும்பு வளையம் ஜில்லென்று குதிகாலில் பட்டது.

மாஸ்டரின் முழங்கால் இரண்டும் தாமாகவே மடங்கி மார்புக்கு வந்துவிட்டன.

 மாஸ்டர் தன் முழங்காலைப் பார்த்தார், வேறு யாருடையதோ என்பதுபோல. நீட்ட வேண்டும் என்று மனது சொல்கிறது, கால் கேட்கவில்லை. மூஞ்சியெல்லாம் வேர்த்துவிட்டது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று இத்தனை நாள் ஊரையே கேலி செய்தவர், சிமெண்டுத் தரையில் மரவட்டை மாதிரி சுருண்டு கிடந்தார்.

“நீட்டுடா.”

“நீட்டுறேன் இரு.”

“மாஸ்டரே, குதிகால் சுவத்துல ஒட்டணும். இது என்ன ஆர்மி செலக்‌ஷனா?”

“கால் மரத்துப் போச்சுக்கா.”

“ரெண்டுமா?”

ஜேன் அக்காவுக்கு முதலில் தோள்தான் குலுங்கியது. பிறகு மூக்கால் ஒரு சத்தம். அப்புறம் வலது விலாவை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, “அய்யோ, கல்லு குத்துதுடா, சிரிக்க வெக்காத, பாவி” என்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்த மனிஷா, சோப்புக் கையோடு ஓடிவந்து எட்டிப் பார்த்துவிட்டு, யாருக்கு என்ன ஆயிற்று என்று புரியாமல் வாசலிலேயே நின்றாள். மாஸ்டர் சிரிக்கவும் முடியாமல் எழுந்திருக்கவும் முடியாமல் முழங்காலைக் கட்டிக்கொண்டு கிடந்தார்.

சிரித்து ஓய்ந்ததும் ஜேன் அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். “மனிஷா, அந்த மிக்ஸிய நாளைக்கு எடுத்துட்டு வா. வியாழக்கிழமைக்குள்ள கொஞ்சம் தோசைக்கு அரைக்கணும்” என்றார். பிறகு கட்டிலில் ஏறி, தலையணையை எடுத்துக் கீழே போட்டுவிட்டு மல்லாந்து படுத்தார். கண்ணாடியைக் கழற்றவில்லை. டேப் வளையத்தைத் தானே எட்டித் தன் குதிகாலுக்கு அடியில் வைத்து, டேப்பின் வட்ட உறையைத் தரையில் கிடந்த தம்பியின் கையில் திணித்துவிட்டு, இரண்டு காலையும் கட்டிலின் அடிக்கம்பி தொடும்வரை நீட்டினார்.